எரிந்த நிலத்தைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் சிலர், தீயில் எரிந்த நிலங்களைப் படமெடுக்கக் கிளம்பியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். ஜொகூரில் அந்த வேலையை நீண்ட காலம் செய்தவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். கொஞ்சம் ஊக்கம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார். எழுதித் தருகிறேன் என்றேன். ஊக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் இதில் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் கைப்பேசியைத் தட்டுங்கள், வாய் வலிக்கச் சொல்லித்தர ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. படம் சுவரில் ஏறி, நாலு பேர் கைகுலுக்கிப் பாராட்டிவிட்டுப் போன பிறகு, ஒருவர் வந்து உங்களை ஒரு கேள்வி கேட்பார். என்னை அப்படிக் கேட்டவருக்குச் சொல்ல இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எனக்கு உலு திராமில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைக்கான ஐசி படம், கடப்பிதழ்ப் படம் என்று எல்லாம் எடுப்பேன். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு நான் சாவுப் படக்காரன். ஒரு வீட்டில் இறப்பு என்றால் உறவுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கடைக்கு வருவார். கையில் ஒரு பழைய படம் இருக்கும், பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ எல்லாரும் வரிசையாக நின்று எடுத்தது. அதில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும் முகத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்பவர்களை அழித்து, சட்டைக்கு மேல் ஒரு கோட்டு மாட்டி, உடல் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்குள் கொடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்ட சட்டத்தில் அது கூடத்துச் சுவரில் ஏறும். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடியைத் துடைத்து, நெற்றி இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

அதில் ஒருமுறை எனக்குப் பெரிய சறுக்கல் நேர்ந்தது. அழுதுகொண்டே வந்த மகன் விரலால் ஒரு வரிசையைக் காட்டினான். ஒரே மீசை, ஒரே வழுக்கையோடு பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரில் தப்பான ஆளை நான் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன். இறந்தவருடைய தம்பி அவர். உயிரோடு, மாலையும் கையுமாக அந்த வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். தன் முகத்துக்கே மாலை விழுவதைப் பார்த்தும், எல்லாரும் அழுகிற நேரத்தில் எப்படிச் சொல்வது என்று அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு இறந்தவரின் மனைவி, அந்த அம்மா, படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். என்னைத் திட்டவில்லை. இத்தனை நாளும் கொழுந்தனுக்குப் பொட்டு வைத்தேன் என்று மட்டும் சொன்னார். பிற்பாடு நண்பர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் நிச்சயமாகத் தெரியாமல் ஒரு முகத்தையும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஸ்டூடியோ சோறு போட்டது. எரிந்த நிலம் என் சொந்த ஆசை. ஒரு புகைமூட்டக் காலத்தில், கோத்தா திங்கிப் பக்கம் கல்யாணப் படத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, சாலையோரத்தில் எரிந்து முடிந்த ஒரு நிலத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கறுத்த கட்டைகள், வெள்ளைச் சாம்பல், சாம்பலின் நிறத்திலேயே வானம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அழகாக இருந்தது. அதை மறைத்துப் பேச நான் தயாராக இல்லை. அழகாக இல்லாவிட்டால் நீங்களும் இந்த வேலைக்கு வரமாட்டீர்கள்.

அங்கே இருப்பது கம்புட் மண். இலையும் வேரும் கட்டையும் தண்ணீருக்குள்ளேயே ஊறிக் கிடந்து, முழுதாக மக்காமல் மண் போல ஆனது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். வெயில் காலத்தில் அது காய்ந்து கிடக்கும். யாராவது குப்பையைக் கொளுத்தினால் போதும். மேலே அணைந்த பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். ஒருமுறை என் கேமரா முக்காலியின் ஒரு கால் சாம்பலுக்குள் இறங்கி, இழுத்தபோது அடிப்பகுதி உருகியிருந்தது. இன்னொரு முறை, நான் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மரம் காற்றே இல்லாமல் சாய்ந்தது. வேர் முழுக்க எரிந்துபோய் வெறுமனே நின்றுகொண்டிருந்திருக்கிறது. தீயணைக்க வந்த பொம்பாக்காரர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். நிற்கிறதே என்று எதன் பக்கத்திலும் போகாதீர்கள்.

இன்னொன்று. மழை வந்ததும் பச்சையாகப் பெரணிச் செடி முளைக்கும். உடனே, நிலம் மறுபடி துளிர்க்கிறது என்று படத்துக்குக் கீழே எழுதிவிடாதீர்கள். நான் போன இடங்களில் துளிர்த்தது பெரணி மட்டும்தான். அடுத்த வெயிலுக்கு முதலில் எரிந்ததும் அதுதான். ஒவ்வொரு தீக்கும் நிலம் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கிய நிலத்தில் மழைக்கு வெள்ளம் நிற்கும், வெயிலுக்குத் தீப்பிடிக்கும். இத்தனை காலம் போய்வந்ததில், போனமுறையைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லும்படியாக ஒரு இடத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எனக்குக் குரு என்று சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர். கோலாலம்பூரில் காட்சிக்கூடம் நடத்திய பெண்மணி. என் படங்களைத் தரையில் பரப்பிவைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, பொம்பா குழாய் கிடந்த படத்தையும், டயர் தடம் இருந்த படத்தையும், யாரோ காலிலிருந்து கழற்றிப் போட்ட கிழிந்த சப்பாத்து கிடந்த படத்தையும் ஓரமாகத் தள்ளினார். மனிதன் வந்த அடையாளம் இருந்தால் அது செய்தி என்றார். அடையாளமே இல்லாவிட்டால் பார்க்கிறவன் தன்னையே அதற்குள் தேடுவான், அதுதான் கலை என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அளவு தெரிகிற எந்தப் பொருளும் என் சட்டத்துக்குள் வராது. என் படத்தில் இருப்பது பத்தடி நிலமா, பத்து ஏக்கரா என்று யாராலும் சொல்ல முடியாது. என் பெயர் வெளியே தெரிந்ததே அதனால்தான்.

அப்படி எடுத்ததில் ஒரு படம் எல்லாவற்றையும்விடப் பேசப்பட்டது. கோத்தா திங்கிப் பக்கத்தில் ஆளில்லாமல் போன ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம், தீ அணைந்த சூட்டோடு எடுத்தது. முக்கால் பாகம் சாம்பல். மேலே இடது பக்கம் கறுப்புக் கட்டைகள் சில. அவ்வளவுதான். இந்த மண் எதையும் மறப்பதில்லை என்று அதன் கீழே ஒரு வாசகம் வைத்தார்கள். எழுதியது அந்தப் பெண்மணி, தலையாட்டியது நான். கண்காட்சித் திறப்பில் பேசச் சொன்னபோது, இந்தப் படத்தின் ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

காட்சிக்கூடம் அந்தப் படத்தைத் தோட்டத்தின் பெயரோடு இணையத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அஞ்சலை என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அறுபதை நெருங்குகிற பெண், கூடவே மகன் சரவணன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பையன், அன்றைக்கு அம்மாவுக்காக லீவு போட்டிருந்தான். சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் அதைப் பின்னால் நகர்ந்து நின்றுதான் பார்ப்பார்கள். அஞ்சலை மூக்கு தொடுகிற அளவுக்கு நெருங்கி, கீழிருந்து மேலாக, துணியில் கறை தேடுவது போலப் பார்த்தார். கால்வாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் சட்டத்துக்கு வெளியே, வலது பக்கத்துச் சுவரைக் காட்டினேன்.

அஞ்சலை பிறந்து வளர்ந்ததும், வாழ்க்கைப்பட்டதும் அந்தத் தோட்டத்தில்தான். முதல் குழந்தை பெண், பெயர் செல்வி. தவழ ஆரம்பித்த வயதில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டது. பெரியவர்களைப் புதைக்க மேட்டில் இடம் இருந்தது. குழந்தைகளுக்கு, செம்பனையும் சரியாக வராத அந்தக் கம்புட் ஓரத்தை ஒதுக்கியிருந்தார்கள். சிமெண்ட் எல்லாம் கட்டவில்லை. ஒரு மரக்கட்டையை நட்டு, பக்கத்தில் செம்பருத்திக் குச்சி ஒன்றை ஊன்றிவிட்டு வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் ஆட்களைக் கலைத்துவிட்ட பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை பால் ஊற்றப் போய்வந்திருக்கிறார். பிறகு கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பிறகு தீ வந்தது.

நான் செய்து பழகிய வேலை அல்லவா, குழந்தையின் படம் இருந்தால் கொடுங்கள், பெரிதாக்கித் தருகிறேன் என்றேன்.

"படமே எடுக்கலண்ணே. ஒரு வயசாகட்டும், மொட்ட போட்டு காது குத்திட்டு எடுக்கலாம்னு இருந்தோம்" என்றார்.

அவர் வந்த காரியம் வேறு. தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. டேட்டா சென்டர் கட்டப் போகிறார்களாம். மேட்டில் இருந்த பெரியவர்களின் சமாதிகளைத் தோண்டி எடுத்து, கோத்தா திங்கி இடுகாட்டில் மறுபடி அடக்கம் செய்துவிட்டார்கள். குழந்தைகள் பகுதியில் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. குடும்பத்தார் வந்து இடத்தைக் காட்டினால் எடுத்துத் தருகிறோம், காட்டாததெல்லாம் நிலத்தோடு சமமாகும் என்று அறிவித்து, ஒரு கடைசி நாளும் குறித்துவிட்டார்கள். தீ அணைந்த உடனே அங்கே போய் எடுத்த படங்கள் என்னிடம் மட்டும்தான் இருந்தன. அதில் ஒரு கட்டையோ, ஒரு மேடோ தெரியாதா என்பதுதான் அஞ்சலையின் கேள்வி. அங்கே குழந்தைகளைப் புதைத்திருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களையும் கணினியில் போட்டு, கண் எரிகிறவரை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடு இல்லாமல் இல்லை, எங்கே பார்த்தாலும் மேடுதான். உள்ளே எரிந்த கம்புட் மண் அப்படித்தான் குழிந்தும் எழும்பியும் கிடக்கும். கறுப்புக் கட்டைகளில் எது நட்டது, எது முளைத்தது என்று சொல்ல வழியில்லை. பக்கத்தில் ஒரு சப்பாத்தோ, குழாயோ, டயர் தடமோ கிடந்திருந்தால் அதை வைத்தாவது இது இத்தனை அடி, அது கால்வாயிலிருந்து இவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டிருப்பேன். நானோ அதையெல்லாம் கவனமாக வெளியே தள்ளிவிட்டுப் படமெடுத்தவன். எந்தத் திறமைக்காக என்னைப் பாராட்டினார்களோ அதுதான் இங்கே வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

நாள் நெருங்குவதற்குள் அவர்களை அழைத்துக்கொண்டு ஒருமுறை அந்த இடத்துக்கே போனேன். நான் எங்கே நின்று எடுத்தேன் என்பதை ஏறக்குறையக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் படத்தில் இருந்த கட்டைகள் எல்லாம் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் பெரணி மூடியிருந்தது. கால்வாயின் கரை சரிந்து போயிருந்தது. அஞ்சலை, கோயில் பக்கமிருந்து வந்தால் கால்வாய்க்கு இந்தப் பக்கம், வரிசையின் கடைசி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தார். கோயில் இல்லை, பாதை இல்லை, வரிசை இல்லை. ஒரு இடத்தில் நிற்பார், இதுதான் என்பார். நாலு எட்டு வைத்த பிறகு, இல்லை அது இங்கே என்பார். சரவணன் அம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். ஒருமுறை மட்டும் என் பக்கம் வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அங்கிள், உங்க வாயால ஒரு எடத்த சொன்னா போதும் லா. அது சரியா இருக்கணும்னுகூட இல்ல" என்றான்.

கம்பெனி குறித்த நாளும் வந்தது. காலையிலேயே மண்வாரி இயந்திரம் வந்து ஓரமாக நின்றது. கம்பெனி சார்பில் ஓர் இளம் மலாய் அதிகாரி வந்திருந்தார், மரியாதையான பிள்ளை. உலு திராமிலிருந்து சாவுக் காரியங்கள் செய்துவைக்கும் ஒரு பண்டாரத்தை நான் அழைத்துப் போயிருந்தேன். அஞ்சலை மஞ்சள் துணியும் சின்ன மண்சட்டியும் ஒரு பெட்டிப் பாலும் கொண்டுவந்திருந்தார். என் கையில் அந்தப் படங்கள்.

பண்டாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவ்வளவு காலத்துக்கு அப்புறம் அந்த மண்ணில், அதுவும் எரிந்த மண்ணில், குழந்தையின் எலும்பு இருக்கவே இருக்காது, எங்கே தோண்டினாலும் ஒரு பிடி மண்தான் வரப்போகிறது, ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கள், தாய் மனசு ஆறும் என்றார். அந்த அதிகாரியும் பக்கத்தில் வந்து, "துஞ்சோக் சாஜா, அங்கிள்" என்றார். காட்டினால் போதும், அந்த இடத்தில் பதமாகத் தோண்டச் சொல்கிறேன், அறிக்கையில் எழுதிக்கொள்கிறேன், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அங்கே இருந்த எல்லாருமே நல்லவர்கள், எல்லாருமே என்னைப் பொய் சொல்லச் சொன்னார்கள்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படக்காரருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு, துணியில் சுற்றி வந்த அந்தப் பழைய படமும், கொழுந்தனுக்குப் பொட்டு வைத்த அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் கையை நீட்டினால் அவர் அங்கே உட்கார்ந்து பால் ஊற்றுவார், அழுவார். அந்த ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோய் இடுகாட்டில் வைத்து, சாகிறவரை அதற்குப் படையல் போடுவார். அது வேறொருத்தியின் குழந்தையாக இருக்கலாம். வெறும் சாம்பலாகவும் இருக்கலாம். இயந்திரத்தை ஓட்டுகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெரியலம்மா. இந்தப் படத்துல அது இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலச் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப இத எதுக்குண்ணே எடுத்தீங்க?"

எத்தனையோ மேடைகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். நிலத்தின் துயரம், மனிதனின் பேராசை, காலத்தின் சாட்சி என்று மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அங்கே அழ எனக்கு உரிமையில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அஞ்சலை பால் பெட்டியைப் பிரிக்காமலே பைக்குள் வைத்தார். எந்த இடத்தில் ஊற்றுவது? பண்டாரம் பொதுவாக ஒரு தேவாரம் பாடினார். சரவணன் அம்மாவை வண்டியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி என்னிடம் வந்தான். "சும்மா ஒரு எடத்த காட்டியிருக்கலாம் அங்கிள். இப்ப நான் இவங்கள வச்சிகிட்டு என்ன பண்றது" என்றான். அடுத்த வாரம் தனியாக அங்கே போனேன். எங்கேயும் மேடு பள்ளம் இல்லாமல் சீராக்கி, லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

நான் செய்தது சரி என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்வதுதான் நம் தொழில் தர்மம் என்று ஒரு மூத்தவன் எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அந்த உண்மை யாருக்கும் ஒரு பிடி மண்ணைக்கூடக் கொடுக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் அந்தப் பால் எங்கேயாவது மண்ணில் இறங்கியிருக்கும். எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை. அதோடு எரிந்த நிலத்துக்குப் போவதை விட்டேன். சாம்பலைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு கெட்டுவிட்டது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

சில மாதங்கள் கழித்து அஞ்சலை தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தார். சுவரில் இருந்த அதே படத்தைக் காட்டி, அதில் ஒன்று வேண்டும் என்றார். அதில் ஒன்றுமில்லையேம்மா என்றேன். தெரியும் என்றார். பெரிதாக வேண்டாம், சாமி மேடை பக்கத்தில் மாட்டுகிற அளவுக்குப் போதும், கண்ணாடி போட்டுக் கொடுங்கள் என்றார். காட்சிக்கூடத்துக்கு நான் அச்சடிக்கும் அதே உயர்ந்த தாளில் அடித்து, செத்தவர்களுக்குப் போடுகிற அதே தங்க நிறச் சட்டத்தில் மாட்டி, நானே அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஆணி அடித்து வைத்திருந்தார். மாட்டியதும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சாம்பல் பரப்பின் வலது ஓரத்தில், கால்வாய் இருந்த பக்கமாக, ஒரு பொட்டு வைத்தார்.

இந்த வருஷம் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சரவணனுக்கு என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது, ஒரு கோப்பை தே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். படம் அதே ஆணியில் தொங்கியது. பொட்டு மட்டும் இடம் மாறியிருந்தது. இப்போது மேலே, கறுப்புக் கட்டைகளுக்குக் கீழே இருந்தது. பொட்டு அந்தப் பக்கம் இருந்ததே, இங்கேதான் என்று ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்டேன். எனக்குள் ஒரு சின்ன நப்பாசை எழுந்தது, மறைக்கவில்லை.

"ஞாபகமெல்லாம் வரலண்ணே" என்றார் அஞ்சலை. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொடச்சிட்டு வேற எடத்துல வைக்கிறேன். இப்படியே வச்சிகிட்டு வந்தா, என்னைக்காவது ஒரு வாரம் அவ மேல படும்ல."

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும் என்று மேடையில் சொன்ன படம். பொட்டு படாத இடம் அதில் இன்னும் நிறைய இருந்தது.